நின்றுபோன சிறிய பெட்ரோல் எஞ்சினை வீட்டிலேயே பழுதுபார்க்கும் முறை

ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், புல்வெட்டி, பவர் டில்லர், பழைய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வகை இருசக்கர வண்டி என எதுவாக இருந்தாலும், சில மாதங்கள் ஓடாமல் கிடந்த எஞ்சின் மறுபடி கயிற்றை இழுக்கும்போது பிடிக்க மறுப்பது மிகச் சாதாரணமான பழுது. இந்தப் பழுதில் பெரும்பாலானவற்றை வீட்டில் உள்ள சிறு கருவிகளைக் கொண்டே சரிசெய்துவிடலாம். ஆனால் பலரும் தொடங்கும் இடம் தவறாக இருக்கிறது. ஸ்பேனரை எடுத்ததும் கையில் படுவதையெல்லாம் கழற்றிப் பரப்பிவிட்டு, பிறகு எது பழுது என்று தேடுகிறார்கள். கழற்றுவதற்கு முன்பே பழுது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அதற்கான சோதனைகள் எளியவை. சில நிமிடங்களே பிடிப்பவை.

எஞ்சின் ஓடுவதற்குச் சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், சரியான நேரத்தில் விழும் தீப்பொறியும், அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் போதுமான அளவு அழுத்தும் கம்ப்ரெஷனும் வேண்டும். இவற்றுள் எது குறைகிறது என்பதே நாம் விடை காண வேண்டிய கேள்வி. இங்கே சொல்லப்படுவது ஒற்றை சிலிண்டர் கொண்ட, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் பெறும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கும் தேடும் வரிசை இதுவே. வேறுபடும் இடங்களைப் பின்னர் குறிப்பிடுகிறேன்.

வேலை செய்யும் இடம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆகவே அது மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையை ஒட்டிப் படர்ந்து, அறையின் மறுகோடியில் எரியும் அடுப்பையோ பொறி பறக்கும் மின்கருவியையோ சென்றடையக்கூடும். டேங்கைக் காலி செய்வது, கார்புரேட்டரைத் திறப்பது ஆகிய வேலைகளைக் கதவு திறந்த இடத்தில், முடிந்தால் வெட்டவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர்தூள் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் நனைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்து உலரவிடுங்கள்.

எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது எப்போதும் வெளியில்தான் நடக்க வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய கொட்டகைக்குள் அது சில நிமிடங்களிலேயே ஆளை மயங்கச் செய்யும் அளவுக்குச் சேர்ந்துவிடும். கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று எண்ணுவது ஆபத்தான நம்பிக்கை.

கத்தியோ சுழலும் பாகமோ உள்ள இயந்திரங்களில் கை வைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். புல்வெட்டியின் கத்தியைக் கையால் திருப்பினால் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் சேர்ந்தே சுழலும். உள்ளே மிச்சமிருக்கும் சிறிது பெட்ரோலே எஞ்சினை ஒரு சுற்று உதைக்கவிடப் போதுமானது. அதைச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தால் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேற்புறம் இருக்கும்படி சாயுங்கள். இல்லாவிட்டால் ஆயில் வழிந்து ஃபில்டரை நனைத்துவிடும்.

கருவிகள்

ஒரு சாக்கெட் செட், 8 முதல் 14 மி.மீ. வரையிலான ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் தகடுகள்), மூக்குக் குறடு, கண்ணாடி அல்லது வெள்ளைக் கிண்ணம் ஒன்று, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியவை போதும். ஸ்க்ரூ டிரைவர்களில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானிய முறையில் தயாரான கார்புரேட்டர்களில் கூட்டல் குறி போன்ற வாய் கொண்ட திருகுகள், பார்வைக்குச் சாதாரண நட்சத்திரத் திருகுகளைப் போலவே இருந்தாலும் வாயின் வடிவத்தில் சற்று வேறுபடும். சாதாரண டிரைவரை வைத்து அழுத்தித் திருப்பினால் அது நழுவி ஏறி, திருகின் தலையை மழுங்கடித்துவிடும். ஜப்பானியத் தரத்தில் செய்த டிரைவர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு ஒழியும்.

கழற்றுவதற்கு முன்

முதலில் கண்ணும் மூக்கும் வேலை செய்யட்டும். சுவிட்ச் "ஆன்" நிலையில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சோக் (குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைக்கக் காற்றைக் குறைக்கும் தகடு) உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். லீவரை நகர்த்தினால் மட்டும் போதாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, தகடு அசைவதைக் கண்ணால் காண வேண்டும். ஃபில்டரிலேயே எலியோ குளவியோ கூடு கட்டியிருப்பதும் உண்டு.

அடுத்து ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். பல ஜெனரேட்டர்களிலும் பம்ப்களிலும் ஆயில் குறைந்தால் தீப்பொறியைத் துண்டித்துவிடும் உணர்கருவி இருக்கிறது. இதை அறியாமல் கார்புரேட்டரையும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றிப் பார்த்தவர்கள் ஏராளம். எஞ்சின் சமதளத்தில் நிற்க, ஆயில் நிரப்பும் துளையின் விளிம்புவரை அல்லது அளவுகோலின் மேல்கோடுவரை இருக்க வேண்டும். ஆயில் அளவுக்கு அதிகமாக இருந்து, அளவுகோலை முகரும்போது பெட்ரோல் மணம் அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் சிலிண்டர் வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்த ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காக்காது. பெரும்பாலான சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30 வகை ஆயில் பொருந்தும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் சொல்லியிருப்பதே முடிவானது.

கயிறு அசையவே மறுத்தால் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் பெட்ரோலோ ஆயிலோ நிறைந்து பிஸ்டனைத் தடுத்திருந்தால், திரவம் பிளக் துளை வழியே வெளியேறி எஞ்சின் சுழலத் தொடங்கும். அப்போதும் அசையவில்லை என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். துளை வழியே சிறிது மெல்லிய ஆயில் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் கிராங்கோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னுமாக அசைத்து விடுவிக்க முயலலாம்.

கடைசியாக டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப் பெட்ரோலின் காரமான மணத்தைத் தெரிந்தவர்களுக்குப் பழையதன் மணம் உடனே பிடிபடும். அது வார்னிஷைப் போல, சற்றுப் புளித்த நெடியாக இருக்கும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகளே குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைப்பவை. அவை முதலில் பறந்துபோகின்றன. மிஞ்சியவை காற்றோடு வினைபுரிந்து பிசினாக மாறிப் படிகின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். நீர் ஓர் அளவைத் தாண்டியதும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடுகின்றன. எஞ்சினுக்குப் போகும் குழாயோ அந்த அடியிலிருந்துதான் தொடங்குகிறது. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலைப் புதியதோடு கலந்து சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். முழுவதையும் வடித்துவிடுங்கள், சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், கழிவு எரிபொருளை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

இரண்டு நொடிச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால், இந்தச் சோதனையை வையுங்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கால் தேக்கரண்டிக்கு மேற்படாத அளவு புதுப் பெட்ரோலை விட்டு, பிளக்கை மீண்டும் பூட்டி, பெட்ரோல் பாத்திரத்தை மூடித் தொலைவில் வைத்துவிட்டு, சிந்தியதைத் துடைத்த பிறகு கயிற்றை இழுங்கள். எஞ்சின் பிடித்து ஓரிரு நொடி ஓடி நின்றுவிட்டால், தீப்பொறியும் கம்ப்ரெஷனும் இருக்கின்றன. பெட்ரோல் வரும் வழியில்தான் அடைப்பு. நேராகக் கார்புரேட்டருக்குப் போகலாம். சிறிதும் பிடிக்கவில்லை என்றால் தீப்பொறியை முதலில் பாருங்கள், கார்புரேட்டரைத் தொடாதீர்கள்.

பல முறை இழுத்த பிறகு கழற்றிய பிளக்கின் முனை தரும் செய்தியும் இதனுடன் சேர வேண்டியது. முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை; நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை.

தீப்பொறி

பிளக்கைக் கழற்றி கேப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் அழுத்தி வைத்துக் கயிற்றை இழுத்தால், முனைகளுக்கிடையில் நீலம் கலந்த வெண்மையான, "டிக்" என்று ஒலிக்கும் பொறி தெரிய வேண்டும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பாயும் என்பதால், அந்தத் துளையில் இன்னொரு பழைய பிளக்கைத் திருகி மூடிவிட்டே இதைச் செய்யுங்கள். பொறி பார்க்கவென்றே விற்கும் சோதனைக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்க வேண்டாம். அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்.

பொறி ஆரஞ்சு நிறத்தில் மெலிந்திருந்தாலோ வராவிட்டாலோ, முதலில் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிளக் மலிவான பொருள். கருகியதைச் சுரண்டிச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்குவதைவிட மாற்றிவிடுவதையே நான் விரும்புவேன். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், பூட்டும் முன் ஃபீலர் கேஜால் அளந்து, பக்க முனையை மட்டும் மெதுவாக வளைத்துச் சரிசெய்யுங்கள்.

புதுப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால், காயிலில் இருந்து சுவிட்சுக்கும் ஆயில் உணர்கருவிக்கும் செல்லும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். இந்த வயர் எஞ்சின் உடலைத் தொட்டால் தீப்பொறி நின்றுவிடும். சுவிட்சை அணைப்பதும் உணர்கருவி செயல்படுவதும் இந்த வழியில்தான். வயரைக் கழற்றியதும் பொறி வந்தால் காயில் நல்லதே. சுவிட்சையோ உணர்கருவியையோ உறை கிழிந்த வயரையோ தேடுங்கள். இந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் சுவிட்சால் நிறுத்த முடியாது என்பதை மறக்காதீர்கள். சோக்கை முழுதாக மூடியோ பெட்ரோலை அடைத்தோதான் நிறுத்த வேண்டும்.

அப்போதும் பொறி வராவிட்டால் ஃப்ளைவீல் மூடியைக் கழற்றி, காந்தத்தின் மேலும் காயிலின் கால்களிலும் துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். காயிலின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, கையேடு சொல்லும் அளவுள்ள ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் செருகினால், காந்தமே காயிலை இழுத்துத் தகட்டோடு ஒட்டவைக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கித் தகட்டை உருவிவிடலாம். இதற்குப் பின்னும் பொறி இல்லையென்றால் காயிலை மாற்றுவதே வழி.

கார்புரேட்டர்

ஓடாமல் கிடந்த எஞ்சின்களில் பழுது பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது. ஆகவே இந்த வேலையை அவசரமில்லாத ஒரு நாளில், நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வடிவதை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். ஒன்றுமே வடியாவிட்டால், குற்றம் கார்புரேட்டருக்கு முன்னே, குழாயிலோ டேங்கின் வடிகட்டியிலோ இருக்கலாம். குழாயைக் கழற்றி, பெட்ரோல் தடையின்றி ஒழுகுகிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியை இறுக்கி வைத்தால் ஒழுக்கு மெல்ல நின்று, மூடியைத் தளர்த்தியதும் மறுபடி வந்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. எஞ்சின் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோகும் புதிருக்கு இதுவே பல நேரங்களில் விடை. வடிந்த திரவத்தின் அடியில் தனித்து உருளும் குமிழிகள் தண்ணீர். பழுப்பு நிறமும் மணல் போன்ற துகளும் கண்டால் உள்ளே என்ன காத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனிக் கழற்றலாம். அதற்கு முன், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பிகளும் நுண்ணிய ஸ்பிரிங்கும் எந்தெந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பதை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லீவரில் அடுத்தடுத்து மூன்று துளைகள் இருக்கும். ஸ்பிரிங்கைத் தவறான துளையில் மாட்டினால் எஞ்சின் வரம்பு மீறிய வேகத்தில் ஓடக்கூடும். கம்பியை வளைத்து இழுக்காமல், நட்டுகளைக் கழற்றிய பின் கார்புரேட்டரையே சாய்த்துத் திருப்பி விடுவியுங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் மெல்லிய கேஸ்கெட்டுகளையும் வெப்பம் தடுக்கும் கறுப்புத் துண்டையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். அவற்றிலுள்ள சிறு துளைகள் காற்றுக்கோ அழுத்தத்துக்கோ வழிவிடுபவை, இடம் மாறினால் எஞ்சின் ஓடாது.

கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்று சொல்லும் மிதவை தெரியும். மிதவையைத் தாங்கும் அச்சுக் கம்பியை உருவியதும் மிதவையும் அதில் தொங்கும் ஊசி வால்வும் சேர்ந்து வரும். வால்வின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ரப்பர் முனையைச் சுற்றி ஒரு வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தால் அது இனி மூடாது. மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவம் தளும்பினால் ஓட்டை விழுந்திருக்கிறது. இரண்டையும் ஒட்டுவேலை பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

நடுத்தூணின் உள்ளே இருப்பது, பெட்ரோலை அளந்து விடும் துளை கொண்ட மெயின் ஜெட். இது மென்மையான பித்தளை என்பதால், வாயை முழுதாக நிரப்பும் தட்டை டிரைவரால் மட்டுமே திருப்புங்கள். ஜெட் வந்த பிறகு கார்புரேட்டரைக் கவிழ்த்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால், பக்கங்களில் நுண்துளைகள் கொண்ட ஒரு குழல் நழுவி விழும். அதை எடுக்காமல் விட்டுவிடுவதுதான் "சுத்தம் செய்தும் ஓடவில்லை" என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. சுத்தமான துளையில் ஒளி கூர்மையான விளிம்புள்ள முழுவட்டமாகத் தெரியும். பிசின் படிந்த துளையிலோ ஒளி மங்கலாக, ஒரு பக்கம் தட்டையாக, சில வேளை பிறை வடிவில் தெரியும். முழுதாக அடைத்திருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பிறை வடிவத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெளிச்சம் தெரிகிறதே, சரியாகத்தான் இருக்கிறது என்று திரும்பப் பூட்டிவிடுகிறார்கள். துளையின் பரப்பு பாதியாகக் குறைந்தால் பெட்ரோலும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். எஞ்சின் சோக்கை மூடினால் மட்டும் ஓடி, திறந்தால் நின்றுவிடும். அடைப்பை எடுக்க மின்வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையோ நைலான் இழையோ போதும். தையல் ஊசியையோ டிரில்லையோ ஒருபோதும் விடாதீர்கள். எஃகு பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிட்டால் பெட்ரோல் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

குறைந்த வேகத்தில் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட் இதைவிடவும் நுண்ணியது. முதலில் அடைவதும் அதுவே. பல சிறிய எஞ்சின்களில் அது வேகத்தைக் குறைத்துக்கூட்டும் திருகின் அடியில் பிளாஸ்டிக் தலையோடு ஒளிந்திருக்கும். அந்தத் திருகையும், காற்று, பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் கலவைத் திருகையும் கழற்றுமுன், மெதுவாக உள்நோக்கித் திருப்பி எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுவே தொடக்க நிலை. அமர்ந்த பின்னும் அழுத்தித் திருகினால் அதன் கூர்முனை கெடும்.

பித்தளைப் பாகங்களையும் அலுமினிய உடலையும் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைக்கலாம். ரப்பர் வளையங்கள், மிதவை, பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றை முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அந்தத் திரவம் அவற்றை உப்பச் செய்யும். பிறகு ஸ்ப்ரேயின் மெல்லிய குழலை ஒவ்வொரு துளையிலும் வைத்து அடியுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது: ஒரு துளையில் அடித்த திரவம் எதிர்பாராத இன்னொரு துளை வழியே நேராகக் கண்ணைத் தாக்கும். ஆனால் அப்படி வெளியே வருவதைத்தான் நாம் தேடவும் வேண்டும். ஸ்லோ ஜெட் இருந்த துளையில் அடித்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டின் விளிம்பருகே ஊசிமுனை அளவில் உள்ள சிறு துளைகள் எல்லாவற்றிலும் திரவம் தெறிக்க வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் வேலை முடியவில்லை, மறுபடி ஊறவிடுங்கள். கடைசியாகக் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்துங்கள்.

திரும்பப் பூட்டுகையில் ஒரு சோதனை. மிதவையும் ஊசி வால்வும் மாட்டிய பின், கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான புதுக் குழாய் ஒன்றைச் செருகி மெல்ல ஊதுங்கள்: மிதவையின் எடையே வால்வை அழுத்துவதால் காற்று போகக் கூடாது. நிமிர்த்திப் பிடித்தால் தாராளமாகப் போக வேண்டும். தலைகீழ் நிலையில் மிதவை, கார்புரேட்டர் உடலின் விளிம்புக்கு ஏறக்குறைய இணையாக நிற்பது பெரும்பாலான வகைகளில் சரியான அளவு.

பெட்ரோல் குழாய் விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். டேங்கின் வாயிலுள்ள சல்லடையையும் கழுவுங்கள். டேங்கில் துருவை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது அதே வேலையை மறுபடி செய்ய நாள் குறிப்பதற்குச் சமம். நட்டுகளை முதலில் விரலால் மட்டுமே ஏற்றுங்கள். அலுமினியத்தில் வெட்டிய மரை எளிதில் சிதையும், 6 மி.மீ. மரைக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும்.

கம்ப்ரெஷனும் டேப்பெட்டும்

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் கயிற்றை மெதுவாக இழுத்து, ஒரு கட்டத்தில் தெளிவான எதிர்ப்பு வருகிறதா என்று கவனியுங்கள். எதிர்ப்பே இல்லாவிட்டால் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி இழுங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பல சிறிய எஞ்சின்களில் எளிதாக இழுப்பதற்காக வால்வைச் சற்றே திறந்து பிடிக்கும் அமைப்பு இருப்பதால், கம்ப்ரெஷன் மீட்டர் காட்டும் எண் குறைவாகவே இருக்கும். அதை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

வால்வு மூடியைத் திறந்து கயிற்றை இழுத்தால் இரண்டு வால்வுகளும் மாறிமாறி முழுதாக இறங்கி ஏற வேண்டும். ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றால் அது பிசினாலோ கரியாலோ ஒட்டியிருக்கிறது. தண்டில் ஊடுருவும் ஆயில் விட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டி விடுவிக்கலாம். வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையிலான டேப்பெட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், பரவலாகப் பயன்படும் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினில் உறிஞ்சும் வால்வுக்கு 0.15, புகை வால்வுக்கு 0.20 மி.மீ. என்பது அளவு. வேறு எஞ்சின்களின் அளவு இதிலிருந்து மாறும்.

இன்னொரு காரணமும் உண்டு. புல்வெட்டியின் கத்தி கல்லில் மோதி எஞ்சின் திடீரென நின்றிருந்தால், ஃப்ளைவீலைக் கிராங்கோடு பொருத்தும் சிறு சாவி பாதி வெட்டுப்பட்டு நகர்ந்திருக்கலாம். பொறி வரும், ஆனால் நேரம் தவறி வரும். கயிறு கையைத் திருப்பி உதைக்கும். அந்தச் சாவி விலை குறைந்தது. மோதலில் தானே வெட்டுப்பட்டுக் கிராங்கைக் காக்கவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டிருக்கும். வலிமையான எஃகுத் துண்டை வெட்டி அதன் இடத்தில் வைத்தால் அடுத்த மோதலில் கிராங்கே வளையும்.

ஓட்டிப் பார்த்தல்

புதுப் பெட்ரோல் ஊற்றி, எங்கும் ஒழுகவில்லை என்று சில நிமிடம் பொறுத்துப் பார்த்த பின் இழுங்கள். பிடித்ததும் சோக்கைப் படிப்படியாகத் திறக்க வேண்டும். வேகம் தானாகவே ஏறி இறங்கி ஊசலாடினால் கலவையில் பெட்ரோல் குறைகிறது: ஜெட்டில் அடைப்பு மிச்சமிருக்கலாம், அல்லது கேஸ்கெட் வழியே காற்று புகலாம். கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் தண்ணீரை மென்தூவலாகத் தெளித்ததும் ஓட்டம் மாறினால் காற்று அங்கேதான் புகுகிறது. இதற்குச் சிலர் கார்புரேட்டர் கிளீனரையே அடிக்கிறார்கள். சூடான சைலன்சருக்கு அருகில் எரியும் திரவத்தைத் தெளிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டரையும் சோக்கையும் மிதவையையும் பாருங்கள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். நெடுநாள் கிடந்த எஞ்சினில், அல்லது சாய்த்து வைத்த எஞ்சினில், முதல் சில நிமிடம் அது வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலிலேயே கலந்திருப்பதால், 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. என அளந்தே கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. அதில் பிடிப்பு குறைந்து திணறினால், சைலன்சரின் வாயையும் சிலிண்டரின் புகைத்துளையையும் கரி அடைத்திருக்கிறதா என்று கார்புரேட்டருக்கு முன்பே பாருங்கள். கிராங்க் கேஸின் சீல் தேய்ந்து காற்று புகுந்தாலும் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் இறுகிவிடும் என்பதால், இந்த வகை எஞ்சினில் ஊசலாட்டத்தை அலட்சியப்படுத்தி ஓட்டக் கூடாது.

மறுபடி நிறுத்தி வைக்கும்போது

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்று தெரிந்தால், பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் கிண்ணத்தின் அடியில் சிறிது தங்கியிருக்கும். ஸ்லோ ஜெட்டை அடைப்பது அந்தச் சிறிதளவே. டேங்கைக் காலி செய்யுங்கள். நிரப்பியே வைப்பதானால் பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது கார்புரேட்டர்வரை சேரும்படி சில நிமிடம் ஓட்டிய பிறகே குழாயை மூடுங்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு இரண்டு முறை மெதுவாகச் சுழற்றி, பிளக்கைப் பூட்டி, கயிற்றில் எதிர்ப்பு தட்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது. கேனில் எடுத்து வைக்கும் பெட்ரோலின் மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.